மாடிக்காரன் கேமராவில் விழுந்த முகம்

“கீழ இறங்கி வாடா! உள்ள நின்னுக்கிட்டு என்ன பேச்சு?”

“கதவு திறந்துதான் சார் இருக்கு. நீங்கதான் படியிலயே நின்னு கத்துறீங்க.”

“கத்துவேன்! ஏழு போட்டோ. ஏழுலயும் என் பொண்டாட்டி மட்டும் பளிச்சுனு இருக்கா. முன்னாடி நிக்கிறவ மூடுபனி மாதிரி இருக்கா. இதுக்கு என்னடா அர்த்தம்?”

“சத்தியமா எனக்கே புரியல சார். நான் அக்காவைப் பாத்து எடுக்கல.”

“பாக்காம எடுத்தா மூக்கு மச்சம் வரைக்கும் விழுமா?”

இதற்குள் மூன்று மாடியிலும் கதவுகள் ஒரு விரற்கடை திறந்துகொண்டன. வீட்டுச் சொந்தக்காரர் டீவியின் சத்தத்தைக் குறைத்தார். செய்தியைவிட இது சூடாக இருந்தது. படியின் வளைவில் நின்று கத்திக்கொண்டிருந்தவர் தரைத்தளத்துக் கண்ணாடிக்காரர். கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதிரே வருகிறவர் கண்ணைச் சுருக்கினாலே இன்ன பவர் என்று சொல்லிவிடுவார் என்று பெயர். அந்தப் பெயரைக் கிளப்பிவிட்டவரும் அவர்தான் என்று ஒரு பேச்சு உண்டு.

அவர் மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி மேலே வந்தாள். மருந்துக்கடையில் வேலை. ஆள் நல்ல உயரம்; கணவரைவிட அரை அடி கூட. அவர் கத்தும்போது அவர் தலைக்கு மேலாகவே நிலவரத்தைப் பார்த்துக்கொள்வாள்.

“எந்த மச்சத்தச் சொல்றீங்க?” என்றாள்.

“மூக்குல இருக்கிற மச்சம்.”

“எந்தப் பக்கம்?”

கண்ணாடிக்காரர் யாரும் கவனிக்கவில்லை என்ற நினைப்பில் கையிலிருந்த போட்டோவை ஓரக்கண்ணால் பார்த்தார். கவனிக்காமல் இருக்க அந்தக் கட்டடத்தில் யாருக்கு மனசு வரும்? மூன்று மாடியும் ஒரே நேரத்தில் சிரித்தது.

“இறங்குங்க, மானம் போகுது” என்று அவள் முன்னால் போனாள். அவர் பின்னால் போனார். கையில் ஏழு போட்டோ, வயிற்றில் நெருப்பு.

அந்த நெருப்பு பற்றியது படிக்கட்டில் அல்ல, பழைய கேமராக் கடையில்.

மாடிக்காரன் லிஃப்ட் மெக்கானிக். தனிக்கட்டை. வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை; அதற்குள் கட்டடத்தில் யார் வீட்டு மின்விசிறி முனகினாலும் அவனைத்தான் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்காரருக்கும் அவன்மேல் அப்போது குறை ஒன்றும் இல்லை. ஒருநாள் அவன் கடைக்கு வந்து, “சார், பழைய ஃபிலிம் கேமரா ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். கண்ணாடி நல்லாருக்கானு நீங்க ஒரு தடவை பாத்துச் சொன்னா தைரியமா வாங்கிடுவேன்” என்றபோது மனுஷன் குளிர்ந்துபோனார். கடையை அரை ஷட்டர் இறக்கிவிட்டுக் கூடவே கிளம்பினார்.

கேமராக் கடையை நடத்துவது ஒரு அம்மாள். அவர் கடையில் எந்தப் பொருளைத் தொட்டாலும் அது முன்பு ஒரு டாக்டரிடம் இருந்ததாகத்தான் இருக்கும். “டாக்டர் வச்சிருந்தது தம்பி. வெளிநாட்டுக்கு ஒரு தடவை கொண்டுபோனார். அப்புறம் பட்டுத்துணியில சுத்தி வச்சுட்டார்” என்று ஒன்றை எடுத்து வைத்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற கேமரா. வெள்ளி நிற மேல்தகடு, கறுப்புத் தோல், முன்னால் பெரிய ஒற்றைக் கண். ரேஞ்ச்ஃபைண்டர் என்று சொல்கிற வகை. எட்டிப் பார்க்கிற ஜன்னல் தனி, படம் பிடிக்கிற லென்ஸ் தனி. ஜன்னல் நடுவே மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம் தெரியும். அதற்குள் எதுவும் இரண்டிரண்டாகத் தெரியும். லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையத்தைத் திருப்பினால் இரண்டும் நகர்ந்து வந்து ஒன்றாகும். ஒன்றான இடத்தில் அமுக்கினால் படம் தெளிவாக விழும்.

கண்ணாடிக்காரர் டார்ச் அடித்து லென்ஸுக்குள் பார்த்தார். பூஞ்சை இல்லை, கீறல் இல்லை. நீலமும் ஊதாவும் கலந்த ஒரு பளபளப்பு உள்ளேயிருந்து அவரைப் பார்த்துக் கண் சிமிட்டியது. ஆயுசு முழுக்க ஆயிரம் லென்ஸ் அறுத்துத் தேய்த்தவர். இப்படி ஒரு லென்ஸ் தன் கையில் வந்ததில்லையே என்று அந்த இடத்திலேயே அவருக்கு மூச்சு கனத்தது. தனக்கு முன்னால் இவன் பார்த்துவிட்டானே! தெருவில் லென்ஸ் என்றால் நான், கேமரா மட்டும் இவனுக்கா?

அப்படி மனசு புழுங்கும்போது ஒரு குறையாவது கண்டுபிடித்தால்தான் ஆறும். ஜன்னல் வழியே வளையத்தை இப்படியும் அப்படியும் திருகிப் பார்த்தார். கண்டுபிடித்தார்.

“இரண்டு பிம்பமும் ஒழுங்கா சேரலை. கேமராவுக்கு மாறுகண்.”

“ஐயோ, அப்ப வேண்டாமா சார்?” மாடிக்காரன் முகம் விழுந்தது.

வேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அதைவிடப் பெரிய ஆசை ஒன்று முந்திக்கொண்டது. “வாங்கிக்க. மாறுகண்ணைச் சரி பண்றது நம்ம தொழில்தானே. கடைக்குக் கொண்டா.”

கடையில் அந்தச் சின்ன ஆணிகளைக் கழற்ற அவரிடம் இருந்ததைவிடப் பொருத்தமான திருப்புளி ஊரில் யாரிடமும் இருக்காது. மேலே ஒரு மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு ஆணி. லென்ஸ் வளையத்தைக் கடைசிவரை, படுத்திருக்கும் எட்டு மாதிரி ஒரு குறி இருக்குமே, அதுவரை திருப்பினார். அது கண்ணுக்கெட்டாத தூரத்துக்கான குறி. பிறகு கண் பரிசோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்து, எதிர்ச்சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையின் முதல் பெரிய எழுத்தைப் பார்த்தார். இரண்டாகத் தெரிந்தது. ஆணியை ஒரு மயிரிழை திருகினார். ஒன்றானது.

“அவ்வளவுதானா சார்?”

“அவ்வளவுதான். கைப்பழக்கம்.”

மாடிக்காரன் கையெடுத்துக் கும்பிடாத குறை. அன்று கண்ணாடிக்காரர் வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இதைச் சொன்னார். மறுநாளும் சொன்னார். மூன்றாம் நாள் அவர் மனைவியின் தங்கை, “மாமா, அந்த ஆணியை இப்ப வலப்பக்கம் திருகினீங்களா இடப்பக்கமா? நேத்து வேற மாதிரி சொன்னீங்க” என்று கேட்டபிறகுதான் நிறுத்தினார்.

இந்தத் தங்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அக்கா வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வந்தாள். பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை. கிளினிக் நாலாம் மாடியில். அந்தக் கட்டடத்து லிஃப்ட் முன்பெல்லாம் எப்போதாவது நிற்கும். நம் மெக்கானிக் மாடிக்குக் குடிவந்த பிறகு அடிக்கடி நின்றது. அடிக்கடி நிற்பதால் அவன் அடிக்கடி போனான். இதைத் தெருவில் எல்லோரும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டார்கள். கண்ணாடிக்காரர் ஒருவருக்குத்தான் தெரியாது. அவருக்குக் கண் பார்ப்பது தொழில். தொழில் நேரம் போக அவர் எதையும் பார்ப்பதில்லை.

கேமரா வந்த பிறகு மாடிக்காரன் முதலில் தூரத்து மேகத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் எடுத்துப் பழகினான். அடுத்துத் தங்கையை ஒரு படம் எடுக்க ஆசைப்பட்டான். “அக்கா இருந்தாதான் நிப்பேன்” என்றாள் அவள். சரி என்று அக்காவும் நின்றாள். மொட்டைமாடியில் ஒரு நாள், படிக்கட்டில் ஒரு நாள், வாசல் விளக்கடியில் ஒரு நாள். எல்லாம் வெயில் தாழ்ந்த நேரம், கண்ணாடிக்காரர் கடையில் இருந்த நேரம். தங்கை முன்னால், அக்கா ஓரடி பின்னால். அக்காவுக்கு அது பிறவிப் பழக்கம். பள்ளிக்கூடத்து முதல் போட்டோவிலிருந்து யாரும் சொல்லாமலே கடைசி வரிசைக்குப் போய் நிற்பவள். எந்தப் படத்திலும் யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் அரை முகமாக மங்கிக் கிடப்பவள்.

ஃபிலிமைக் கழுவிப் பிரிண்ட் போட்டு மாடிக்காரன் கொண்டுவந்து கொடுத்த அன்று வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று விதமாக முகம் மாறியது.

தங்கை தன்னைத் தேடினாள். முன்னால் ஒரு சுடிதார் இருந்தது, அதற்கு மேல் புகை. அந்தப் புகைக்குப் பின்னால் அக்கா இருந்தாள். நெற்றியோர முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக, கண்ணில் விளக்கின் புள்ளியோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. “ஓ” என்றாள் தங்கை.

அக்கா நெடுநேரம் பார்த்தாள். பிறகு, “நான் இப்படியா இருக்கேன்?” என்று மெதுவாகக் கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை.

கண்ணாடிக்காரர் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். இந்தச் சிரிப்பு எங்கே இருந்தது இத்தனை நாள்? சாப்பாட்டு மேசையில் இதை வைத்ததில்லை, கடைக்கு வந்தபோது கொண்டுவந்ததில்லை. ஒரு லிஃப்ட் மெக்கானிக் பழைய கேமராவைத் தூக்கினதும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவனும் குறிபார்த்து இவள் முகத்தில் கொண்டுபோய் வளையத்தை நிறுத்தியிருக்கிறான். அந்தக் கேமராவைச் சரிசெய்து கொடுத்தவர் அவரே. துல்லியமாக வேலை செய்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் வினை.

சண்டை நடந்தது அன்றைக்குத்தான். அது முடிந்தபிறகு வீடு வீடாக இல்லை. மனைவி தேவைக்கு மட்டும் பேசினாள். “உப்பு அங்க இருக்கு.” “கேஸ் தீரப் போகுது.” ஏழு போட்டோவில் ஒன்று காணாமல் போனது. துணி அலமாரியில் புடவைகளுக்கு நடுவே அதைக் கண்டுபிடித்தபோது அவருக்குக் காது மடல் சுட்டது. கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. ராத்திரி புரண்டு படுக்கும்போது, “அப்படி என்னதான் சொல்லிச் சிரிக்க வச்சான்?” என்று இருட்டைப் பார்த்துக் கேட்டார்.

“லிஃப்ட்ல ஒரு மாமா மாட்டிக்கிட்டு டோக்கன் நம்பர் போயிடும்னு கத்தினாராம். அதைச் சொன்னான்” என்றது இருட்டு.

“இதுல சிரிக்க என்ன இருக்கு?”

“அதான். உங்ககிட்ட சொன்னா சிரிக்க ஒண்ணும் இருக்காது.”

மாடிக்காரன் கேமராவைத் திரும்ப அந்த அம்மாளிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். வீட்டுச் சொந்தக்காரரிடம் வேறு இடம் பார்ப்பதாகவும் சொல்லிவிட்டான். கிளினிக் லிஃப்ட் ஒழுங்காக ஓடத் தொடங்கியது. தங்கையோ, அத்தை ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த வங்கிக்காரர் வரனுக்குத் திடீரென்று தலையாட்டினாள். “யாரா இருந்தா என்னக்கா? எனக்குப் போட்டோவுலகூட முகம் இல்ல” என்றாள். அத்தை அந்த வார இறுதியில் வந்து பேச்சை முடித்துவிடுவதாகப் போனில் குதித்தாள்.

கண்ணாடிக்காரருக்கு இதெல்லாம் காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. அவர் நினைப்பெல்லாம் கேமராக் கடை அலமாரியில் இருந்தது. வேறொருவன் அதை வாங்கிவிட்டால்? இவளை அப்படிச் சிரிக்கவைத்துப் பிடித்த அந்தக் கண் இன்னொருவன் கைக்குப் போய்விட்டால்? தவிர, ஒரு மெக்கானிக்கால் எடுக்க முடிந்ததை லென்ஸ் தெரிந்தவனால் எடுக்க முடியாதா? ஒரு நாள் மத்தியானம் ஷட்டரை முழுசாகவே இறக்கிவிட்டுப் போனார்.

“நல்ல பொருள் சார்” என்றார் கடைக்கார அம்மாள், அவரை அடையாளம் தெரியாத மாதிரி. “ரெண்டே பேர் வச்சிருந்தது. ஒருத்தர் டாக்டர். இன்னொருத்தர் இன்ஜினியர்.”

“இன்ஜினியரா! அவன் லிஃப்ட் மெக்கானிக்.”

“அப்ப உங்களுக்கே தெரிஞ்ச ஆளு. பேரம் பேச மாட்டீங்க” என்று அம்மாள் உறையில் போட்டார்.

வீட்டில் அதை மேசைமேல் வைத்ததும் மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். “இது எதுக்கு?”

“உன்னை எடுக்கத்தான்.”

அவள் அன்று சாயங்காலம் தலையை வாரிக்கொண்டு படிக்கட்டருகே வந்து நின்றாள். வழக்கப்படி பின்னால் போகப் பார்த்தாள். பின்னால் போய் நிற்க, முன்னால் ஒருவரும் இல்லாததால் திகைத்து அங்கேயே நின்றாள். கண்ணாடிக்காரர் மஞ்சள் கட்டத்தை அவள் மூக்குமேல் வைத்தார். இரண்டு மூக்கு, இரண்டு மச்சம். வளையத்தைத் திருப்பினார். ஒரு மூக்கு, ஒரு மச்சம். வலப்பக்கம்.

“கொஞ்சம் சிரி.”

“எதுக்கு?”

“லிஃப்ட்ல ஒரு மாமா...”

“அதை நீங்க சொல்லாதீங்க” என்றாள். ஆனால் உதடு கொஞ்சம் இளகியது. அவர் மிச்சம் வைக்காமல் ஃபிலிம் ரோல் முழுக்க அவளையே எடுத்தார்.

பிரிண்ட் வந்தது. அவளே உறையைப் பிரித்தாள். முதல் படத்தைப் பார்த்தாள், இரண்டாவதைப் பார்த்தாள், நாலைந்தைச் சீட்டுக்கட்டு மாதிரி தள்ளினாள்.

“என்னங்க.”

“ம்?”

“இஸ்திரிக்காரர்மேல உங்களுக்கு எப்பலேந்து?”

படங்களில் அவள் புகையாக இருந்தாள். அவளுக்குப் பின்னால், படிக்கட்டோரம் துணி மூட்டையோடு நின்று வேடிக்கை பார்த்த இஸ்திரிக்காரர் அப்பழுக்கில்லாமல் விழுந்திருந்தார். சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லாததுவரை தெரிந்தது.

கண்ணாடிக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு கடைக்கு நடந்தார். பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தார். வளையத்தைப் படுத்த எட்டுக்குத் திருப்பி எழுத்துப் பலகையைப் பார்த்தார். ஒரே எழுத்து, கச்சிதமாக. எழுந்து வாசலுக்கு வந்து, கடைவீதிக் கோடியில் உயரே நிற்கும் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். இரண்டு தொட்டி.

அங்கேயே, ஷட்டருக்கு அடியில், பொறி தட்டியது.

அவர் கடையில் பலகை இருபது அடி தள்ளி இருக்கிறது. கண் வைத்தியத்தில் இருபது அடி என்றால் அதுதான் தூரம். அதற்கு அப்பால் உலகமே இருந்தாலும் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். அந்தக் கணக்கிலேயே ஊறிப்போனவர், கேமராவுக்கும் இருபது அடியைக் காட்டி, இதுதான் உலகத்தின் கடைசி என்று ஆணியைத் திருகி வைத்திருந்தார். கேமராவுக்கு அந்தக் கணக்கு கிடையாது. அன்றிலிருந்து அது எவரைப் பார்த்தாலும் ஓரடி ஈரடி தள்ளிப் பின்னால் நிற்பவரைத்தான் பிடித்தது. தூரத்து மேகத்தையும் தொட்டியையும் எடுக்கும்போது மாடிக்காரன் கட்டத்தைப் பார்க்காமல் வளையத்தைக் கடைசிவரை தள்ளிவிட்டு அமுக்குவான். அவை நன்றாக வந்தன. அதனால் எவருக்கும் சந்தேகம் வரவில்லை. கேமராவுக்கு மாறுகண் இல்லை என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்த ஒரே மனுஷன்தான் அதற்குப் புது மாறுகண் வரவைத்தவர்.

முதலில் நிம்மதி வந்தது. அவன் இவளைப் பார்க்கவே இல்லை! அடுத்த நிமிஷம், அந்த நிம்மதி அடங்குவதற்குள், ஒரு கோபம் வந்தது. இவள் முகம் அங்கே இருக்கும்போது இவளைப் பார்க்காமல் வேறு யாரைப் பார்த்தானாம்? முன்னால் நின்றது யார் என்று அதற்குப் பிறகுதான் யோசித்தார். யோசித்ததும் நாற்காலியில் திரும்ப உட்கார்ந்துவிட்டார். கிளினிக் லிஃப்ட் அடிக்கடி நின்றதெல்லாம் வரிசையாக வந்து விளங்கியது.

சொல்லாமல் விட்டுவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? பழைய கேமரா, கெட்டுப்போச்சு என்றால் தீர்ந்தது. சொன்னால் தெருவே சிரிக்கும்: கண்ணாடிக்காரர் கண்ணிலேயே கோளாறு. அதோடு, மாடிக்காரன் ஒரேயடியாக வீட்டு மனுஷனாகிவிடுவான். ஆயுசுக்கும் சகலை. விசேஷத்துக்கு விசேஷம் பக்கத்து நாற்காலி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்துவிடுவாள். முகம் இல்லை என்று சொன்ன பெண்ணுக்கு முகம் இல்லாமல் செய்தது யார் என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

வீட்டுக்குப் போனபோது அக்காவும் தங்கையும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். நின்றபடியே சொன்னார். இருபது அடியைச் சொன்னார், ஆணியைச் சொன்னார், இந்தத் தடவை வலப்பக்கமா இடப்பக்கமா என்று குழம்பாமல் சொன்னார். “அவன் உன்னைத்தான்மா பாத்தான்” என்று தங்கையிடம் முடித்தார். “ஏழுலயும் உன்னைத்தான் பாத்திருக்கான். நான்தான் கெடுத்துட்டேன்.”

தங்கை கை கழுவவில்லை. செருப்புப் போடவில்லை. அவள் மாடிப்படி ஏறின சத்தம் கேட்டு வீட்டுச் சொந்தக்காரர் மறுபடியும் டீவியைக் குறைத்தார்.

மேசையில் இருவர் மட்டும். மனைவி சோற்றை அளைந்துகொண்டிருந்தாள்.

“அப்ப அந்தப் போட்டோவுல என்னை யாரும் பாக்கல” என்றாள்.

இதற்கு அவர் தயாராக வரவில்லை. இத்தனை நாள் எரிந்தது தன் வயிறு மட்டும்தான் என்று நினைத்திருந்தார். அலமாரியில் புடவைக்கு நடுவே அவள் ஒளித்து வைத்தது அவனையல்ல, ஒருமுறையாவது ஒருத்தர் தன்னைத் தேடிப் பார்த்தார்கள் என்ற நினைப்பை. அதைத்தான் இப்போது வந்து பிடுங்கிவிட்டார்.

“நான் பாத்தேனே” என்றார். “ரோல் முழுக்க உன்னைத்தான் பாத்தேன்.”

“இஸ்திரிக்காரர்தானே விழுந்தார்.”

“விழுந்தது அவர். பாத்தது உன்னை. மச்சம் வலப்பக்கம்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். போட்டோவில் இருந்த சிரிப்பு வரவில்லை. அதில் கால்வாசி வந்தது. “உக்காந்து சாப்பிடுங்க” என்றாள்.

அத்தை ஞாயிற்றுக்கிழமை வந்து, நிலவரம் தெரிந்து, இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டுக் கோபமாகப் போனாள். அந்த வங்கிக்காரர் ஆறு மாதத்தில் வேறொரு வங்கிக்காரியைக் கட்டிக்கொண்டார், பொருத்தம் என்கிறார்கள். தங்கைக்கும் லிஃப்ட் மெக்கானிக்குக்கும் கல்யாணம் நடந்தது. கேமராவைக் கண்ணாடிக்காரர் கல்யாணச் சீராகக் கொடுத்தார்; வாங்கின கையோடு மாப்பிள்ளை அதை ஒரு ரிப்பேர்க்காரரிடம் கொடுத்துச் சரிபண்ணிக்கொண்டதை அவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை, தெருவில் மற்றவர்களிடம் எல்லோரும் சொன்னார்கள். இருபது மாடிக் கட்டடங்கள் இருக்கிற ஊரில் பெரிய கம்பெனி வேலை கிடைத்து இருவரும் அங்கே குடிபோனார்கள். தங்கைக்குக் குழந்தை பிறந்தபோது அக்கா ஒத்தாசைக்கு ஒரு மாதம் என்று கிளம்பிப் போனாள். அவள் போய்ச் சேர்ந்த முதல் வாரமே சகலை அனுப்பிய போட்டோ வந்தது: பால்கனியில் குழந்தையோடு அக்கா, முன்வரிசையில், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு. கேமராமேல் பழி போட இந்தத் தடவை வழியில்லை; அன்று சாயங்கால பஸ்ஸிலேயே கண்ணாடிக்காரர் கிளம்பிவிட்டார். கடைக் கதவில், கண் பரிசோதனை நடக்காது, ஆள் வெளியூர் என்று ஒரு அட்டை தொங்கியது.